மேடைக்கு வராத கோதோ

அவையோருக்கு வணக்கம். சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' 1953 ஜனவரியில் பாரிஸில் மேடையேறிய நாளிலிருந்து, கோதோ யார் என்ற கேள்வியும் அதன் கூடவே வந்துகொண்டிருக்கிறது. தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேன் என்று பெக்கெட் கைவிரித்துவிட்டார்.

பெயருக்குள் 'காட்' என்ற ஆங்கிலச் சொல் இருப்பதால் கோதோ கடவுளே என்று முடிவுகட்டுவோர் உண்டு. நாடகம் முதலில் எழுதப்பட்டதோ பிரெஞ்சில். அம்மொழியில் கடவுளுக்குச் சொல் 'தியூ'. ஆங்கிலத்தில் வளர்ந்த ஐரிஷ்காரரான பெக்கெட்டின் காதில் அந்த ஒலி விழாமல் இருந்திருக்காதுதான். ஆனாலும், பெயரை உடைத்துப் பொருள் காண்பது விடுகதையை அவிழ்ப்பது போன்றது. விடை கிடைத்ததும் நாடகத்தை மூடிவைத்துவிடலாம்.

நாடகம் தரும் சாட்சியத்தையே பார்ப்போம். கோதோவுக்காகக் காத்திருக்கும் விளாதிமிரும் எஸ்த்ரகோனும் அவரிடம் கேட்டது ஒருவகைப் பிரார்த்தனை, தெளிவில்லாத ஒரு விண்ணப்பம். அதற்கு அவர், குடும்பத்தாரையும் நண்பர்களையும் முகவர்களையும் கலந்து, கணக்கேடுகளையும் வங்கிக் கணக்கையும் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடியும் என்றாராம். வங்கிக் கணக்கைப் பார்த்து வரம் தரும் கடவுளை நான் அறியேன். கோதோவிடமிருந்து தூது வரும் சிறுவன் வெள்ளாடுகளை மேய்ப்பவன். கோதோவிடம் அவனுக்கு அடி இல்லை. செம்மறிகளை மேய்க்கும் அவனுடைய சகோதரனுக்குத்தான் அடி. செம்மறிகளை வலப்பக்கம் நிறுத்தி வாழ்த்தி, வெள்ளாடுகளை இடப்பக்கம் ஒதுக்கும் விவிலியத் தீர்ப்பு இங்கே தலைகீழாகக் கிடக்கிறது. கோதோவின் தாடி என்ன நிறம் என்றால், வெள்ளை என்றுதான் நினைக்கிறேன் என்கிறான் தூது வரும் சிறுவன்.

நாடகாசிரியர் இயனெஸ்கோவின் 'நாற்காலிகள்' நாடகத்தில் கண்ணுக்குத் தெரியாத விருந்தினருக்கு நாற்காலியாவது போடப்படுகிறது. கோதோவுக்கு அதுவும் இல்லை. எனினும், போகலாம் என்று ஒருவர் சொல்லும்போதெல்லாம் அவர்களை நிறுத்திவைப்பது அந்தப் பெயரே. ஆகவே, வராதவருடைய பொருளை அங்கே நிற்பவர்களிடம்தான் தேட வேண்டும் என்பது என் துணிபு.

முதல் அங்கத்தின் முடிவில் கோதோவுக்கு அனுப்பப்படும் செய்தி, 'எங்களைப் பார்த்ததாகச் சொல்' என்பது. இரண்டாம் அங்கத்தில் எஸ்த்ரகோன் உறங்கிக்கொண்டிருக்க, 'என்னைப் பார்த்ததாகச் சொல்' என்று அது சுருங்கிவிடுகிறது. நேற்று வந்தவன் நான் இல்லை என்று அதற்கு முன்பே சாதித்துவிட்ட அந்தச் சிறுவனிடம், நாளை வந்து என்னைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடமாட்டாயே என்று விளாதிமிர் பதறுகிறார், சிறுவனோ பதில் சொல்லாமல் ஓடிவிடுகிறான்.