முன்ஜாமீன் வாங்கிய மஞ்சள் குடும்பம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'த சிம்ப்சன்ஸ் தொடர் தன்னைத்தானே கேலி செய்துகொள்வது துணிச்சலா, தந்திரமா?' இதுதான் தலைப்பு. தந்திரமே என்று வாதாட வந்திருக்கிறேன்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக ஒரு அறிமுகம். மேட் கிரேனிங் உருவாக்கிய கார்ட்டூன் குடும்பம். 1987-இல் ட்ரேசி உல்மன் நிகழ்ச்சிக்குள் குட்டித் துணுக்குகளாக வந்தது. 1989 டிசம்பர் 17 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தனித் தொடராகத் தொடங்கியது. அணுமின் நிலையத்தில் தூங்கி வழியும் அப்பா ஹோமர், அவரைக் கட்டி மேய்க்கும் அம்மா மார்ஜ், பத்து வயது வாலு பார்ட், எட்டு வயது அறிவாளி லிசா, வாயில் நிப்பிளோடு மேகி. 635 அத்தியாயங்கள் ஓடிய 'கன்ஸ்மோக்' தொடரின் சாதனையை 2018-இல் தாண்டினார்கள். இன்னும் நிறுத்தவில்லை. பார்ட்டுக்கு இன்னும் பத்து வயதுதான்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "தன் குறையைத் தானே சபையில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும்" என்றார். அதற்குச் சாட்சியாகப் பூச்சீ அத்தியாயத்தைக் கொண்டுவந்தார். நடுவர் அவர்களே, அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும்.

1997 பிப்ரவரி 9. தொடரின் 167-ஆவது அத்தியாயம். 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூனின் 166 என்ற கணக்கை அன்றைக்குத்தான் தாண்டுகிறார்கள். கதை இது: சிம்ப்சன் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் இட்சி-ஸ்க்ராட்சி என்ற பூனை எலி கார்ட்டூன் பழசாகிவிடுகிறது. மவுசு கூட்டுவதற்காக, கறுப்புக் கண்ணாடியும் திருப்பி வைத்த தொப்பியுமாகப் பூச்சீ என்ற நாயைச் சேர்க்கிறார்கள். குரல் கொடுப்பவர் ஹோமர். யாருக்கும் பிடிக்கவில்லை. நாயைத் தீர்த்துக்கட்ட முடிவெடுக்கிறார்கள். எப்படி? பூச்சீயின் படத்தை அப்படியே மேலே இழுத்துத் திரையை விட்டு எடுத்துவிட்டு, சொந்தக் கிரகத்துக்குப் போகும் வழியில் செத்துப்போனான் என்று கையால் எழுதி ஒரு சீட்டு. அவ்வளவுதான் சாவு. அந்த மட்டமான அசைவு வேண்டுமென்றே வரைந்தது. கைநேர்த்தியை நான் மறுக்கவில்லை.

இதோடு நிற்கவில்லை. அதே அத்தியாயத்தில் சிம்ப்சன் வீட்டுக்குள்ளேயே ராய் என்றொரு வாலிபன், எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான் என்ற விளக்கமே இல்லாமல் சோற்று மேசையில் உட்கார்ந்திருப்பான். குடும்பத்தோடு ஒரு பதின்ம வயதுப் பையனைச் சேர்க்கலாமே என்று ஃபாக்ஸ் அதிகாரி ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அதற்குக் கொடுத்த குட்டு அது. "பார்த்தீர்களா, முதலாளியையே குட்டினார்கள்!" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார்.

ஐயா, முதலாளிக்கு விழுந்தது செல்லக் குட்டு. உண்மையான அடி யாருக்கு விழுந்தது? தொடரில் தீவிர ரசிகராக வரும் காமிக்ஸ் கடைக்காரர் வருகிறார். "இதுவரை வந்ததிலேயே படுமோசமான அத்தியாயம்" என்கிறார். விசுவாசமாகப் பார்க்கிற எனக்கு அவர்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முறையிடுகிறார். பார்ட் திருப்பிக் கேட்கிறான்: ஆயிரக்கணக்கான மணிநேரம் இலவசமாகக் காட்டியிருக்கிறார்களே, அவர்கள் உனக்கு என்ன கடன்? கணக்குப் பார்த்தால் நீதான் அவர்களுக்குக் கடன்!

தொடர் தேய்ந்துவிட்டதா என்பது கேள்வி. கேட்டவன் குண்டன், குடுமிக்காரன், வேலை வெட்டி இல்லாதவன் என்பது பதில். இதற்குப் பெயர் சுயவிமர்சனமா? நம் ஊர் நீதிமன்ற வராண்டாவில் இதற்குப் பெயர் முன்ஜாமீன். வழக்குப் பதிவாகும் முன்பே போய் வாங்கி வைத்துக்கொள்வது. அதற்குப் பிறகு யார் குறை சொன்னாலும், "அடடா, நீங்களும் அந்தக் கடைக்காரர் மாதிரியே பேசுகிறீர்களே" என்று சிரித்தால் போதும். பூச்சீ வந்த நாளிலிருந்து இந்தத் தொடரைக் குறை சொல்ல வாய் திறந்தவர்கள் எல்லோரும் அந்தக் கடைக்காரரின் குரலில்தான் பேச வேண்டியிருக்கிறது. பொதுப் பண்பாட்டை மாற்றியது என்று எதிரணி சொல்கிறதே, மாற்றியது உண்மைதான். ரசிகன் வாயை அடைக்கிற வாசகத்தை ரசிகன் கையிலேயே கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, 1997 மே 4. ஃபிராங்க் கிரைம்ஸ். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய அம்மையார் கண் கலங்கச் சொன்ன பெயர். நிஜ உலகத்து மனிதன் ஒருவன் ஹோமரோடு வேலைக்குச் சேர்ந்தால் என்ன ஆகும்? உழைத்து உழைத்து ஓடாய்ப் போன கிரைம்ஸ், பவுலிங் கூடம் ஒன்றுக்கு மேலும் இன்னொரு பவுலிங் கூடத்துக்குக் கீழுமாக ஓர் அறையில் குடியிருக்கிறான். தூங்குமூஞ்சி ஹோமருக்கோ இரண்டு மாடி வீடு, இரண்டு கார், அழகான குடும்பம். "இது நியாயமா?" என்று கேட்கிறான் கிரைம்ஸ். தொடரின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி. அற்புதமான கேள்வி!

விடை என்ன? கிரைம்ஸ் புத்தி பேதலித்து, கையுறை இல்லாமல் உயர் மின்னழுத்தக் கம்பியைப் பிடித்துச் சாகிறான். இறுதிச் சடங்கில் தூங்கிப்போன ஹோமர், "சேனலை மாத்து மார்ஜ்" என்று உளறுகிறார். ஊரே சிரிக்கிறது. சவப்பெட்டி குழிக்குள் இறங்குகிறது. அம்மையார் அவர்களே, கேள்வி கேட்டவனைப் புதைத்துவிட்டு மறுவாரம் அதே சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் அழுதீர்கள். அவர்கள் அடுத்த பருவத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

இனி கல்லாப்பெட்டிக்கு வருவோம். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1993-இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஹோமர் டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போவார். டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று பெரிய தொட்டிகள். மேலே பார்த்தால் ஒரே ஒரு குழாய். மூன்று தொட்டிக்கும் அதிலிருந்துதான் இறங்குகிறது! ஒரே சரக்கை மூன்று பெயரில் விற்கும் விளம்பர உலகத்தை ஒரே படத்தில் தோலுரித்தார்கள். வசனமே தேவைப்படவில்லை. நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இன்று ஆர்லாண்டோவில் யுனிவர்சல் பூங்காவுக்குப் போங்கள். 2008-இல் அங்கே சிம்ப்சன்ஸ் சவாரி திறந்தார்கள். 2013-இல் ஸ்பிரிங்ஃபீல்டையே கட்டி வைத்தார்கள். டஃப் பீர் கடை இருக்கிறது. பட்டியலில் என்ன? டஃப், டஃப் லைட், டஃப் டிரை. விலை கொடுத்து வாங்கிக் குடிக்கலாம். பக்கத்தில் கிரஸ்டி பர்கர். தொடரில் கண்ட குப்பையிலும் தன் முகத்தை ஒட்டி விற்கிற பேராசைக் கோமாளிதான் கிரஸ்டி. 2007-இல் திரைப்படம் வந்தபோது செவன்-இலெவன் நிறுவனம் தன் கடைகளில் ஒரு டஜனைத் தொடரில் வரும் க்விக்-ஈ-மார்ட்டாக மாற்றியது. அலமாரியில் கிரஸ்டியின் காலை உணவுப் பொட்டலம், உண்மையான விலைச்சீட்டோடு. மட்டமான சரக்கைக் கேலி செய்வதற்காகப் பிறந்த பெயர், சரக்காகவே விலை போயிற்று.

அந்தத் திரைப்படத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? ஹோமர் தியேட்டரில் எழுந்து நின்று, "டிவியில் ஓசியில் வர்றதைக் காசு கொடுத்துப் பார்க்கிறோமே, இங்க இருக்கிற எல்லாரும் ஏமாளிங்க" என்பார். பிறகு நம்மை நேராகச் சுட்டி, "குறிப்பா நீ!" என்பார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். படம் 50 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஏமாளி என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஆனால் டிக்கெட் கிழித்த பிறகு சொன்னார்கள்.

ஃபாக்ஸ் முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கைக் கொடுங்கோலன் என்றே சொன்னார்களே, அது துணிச்சல் இல்லையா என்று இடைமறித்தார்கள். 1999-இல் வந்த அந்தக் காட்சிக்குக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? சாட்சாத் மர்டாக்! தன்னைக் கொடுங்கோலக் கோடீஸ்வரன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது அவரே. எந்த முதலாளி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நடந்து வந்து தனக்கு வலிக்கிற அடியை வாங்கிக்கொள்வார்?

நடுவர் அவர்களே, இவர்களுக்கு நிஜமாக அடிக்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. தெரியும். 1992 ஜனவரி 27 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் வால்டன்ஸ் போல ஆக வேண்டும், சிம்ப்சன்ஸ் போல அல்ல என்று பேசினார். வால்டன்ஸ் என்பது 1930-களின் பொருளாதார மந்தத்தில் வாழும் ஒழுக்கமான குடும்பத்தின் கதை. சாதாரணமாக இவர்களுடைய ஓர் அத்தியாயம் தயாராக எட்டு ஒன்பது மாதம் ஆகும். எழுத்தாளர் கூடம், நடிகர்கள் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் கூட்டம், ஒலிப்பதிவு, காட்சிகளை வரிசையாக வரைந்து பார்க்கும் ஸ்டோரிபோர்டு, கறுப்பு வெள்ளையில் ஓட்டிப் பார்க்கும் அனிமேட்டிக், அங்கே விழும் வெட்டும் திருத்தமும், பிறகு தென்கொரியாவின் சோல் நகருக்குப் போய் அசைவுக்கு இடையில் வரும் இடைப்படங்களும் வண்ணமும், திரும்பி வந்ததும் பிழை திருத்தம், இசைச் சேர்க்கை. இந்த வரிசைக்குக் காத்திருக்க நேரமில்லை. எனவே மறு ஒளிபரப்பாக வர இருந்த பழைய அத்தியாயத்தின் முன்னால் ஒரு குட்டிக் காட்சியை ஒட்டினார்கள். மூன்றே நாளில், ஜனவரி 30 அன்று, குடும்பம் டிவியில் புஷ் பேச்சைப் பார்க்கிறது. பார்ட் சொல்கிறான்: "நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான். பொருளாதார மந்தம் எப்ப தீரும்னு நாங்களும் வேண்டிக்கிட்டுதான் இருக்கோம்." தேர்தல் ஆண்டில், பொருளாதாரம் படுத்துக் கிடந்தபோது, அதிபருக்கு! இதுதான் கேலி. வெளியே பார்த்து வீசியது.

வெளியே வீசினால் விலையும் உண்டு. 2005-இல் சீனாவுக்குப் போகும் அத்தியாயத்தில், மாணவர் போராட்டத்தை ராணுவம் சுட்டு ஒடுக்கிய தியானன்மென் சதுக்கத்தில் ஒரு பலகை: இந்த இடத்தில் 1989-இல் எதுவும் நடக்கவில்லை. 2021-இல் டிஸ்னி பிளஸ் ஹாங்காங்குக்குப் போனபோது அந்த அத்தியாயம் பட்டியலில் இல்லை. பூச்சீயை யாராவது பட்டியலிலிருந்து எடுத்தார்களா? ஏன் எடுக்கப் போகிறார்கள்? அதனால் யாருக்கு நோகும்?

ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி 2001-இல் ஹோமரின் 'டோ!'வைச் சேர்த்ததே என்று பெருமைப்பட்டார்கள். எனக்கும் பெருமைதான். திரைக்கதையில் அந்த ஒலியை 'எரிச்சல் முனகல்' என்றுதான் எழுதுவார்கள். டோ ஆக்கியது நடிகர் டான் காஸ்டலனேட்டா. ஆனால் அதில் சுயகேலி எங்கே இருக்கிறது? இன்றைய தலைப்புக்குள் அது வராது.

2010 அக்டோபரில் பாங்க்ஸி என்ற சுவரோவியர் அமைத்த சோபா காட்சியையும், அதாவது அத்தியாயத் தொடக்கத்தில் குடும்பம் சோபாவில் வந்து உட்காரும் காட்சியையும், தொட்டுவிடுகிறேன். இருட்டறையில் வரிசை வரிசையாகக் கிழக்காசியத் தொழிலாளர்கள், பார்ட் பொம்மைக்குள் திணிக்கப் பூனைக்குட்டிகள், குறுந்தட்டில் ஓட்டை போட எலும்பும் தோலுமான ஒற்றைக்கொம்புக் குதிரை. ஃபாக்ஸே ஒளிபரப்பியதாம், ஆஹா! ஆனால் அதை வரைந்து அசைத்தது சோல் நகரின் அக்கோம் கலைக்கூடம்தான். அதன் நிறுவனர் நெல்சன் ஷின், இது எங்கள் மக்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்த்தார். முதலாளிக்குத் துணிச்சல் பட்டம், வேலை செய்தவனுக்கு அடிமை வேடம். இந்தத் தொடரின் சுயகேலியில் 'சுயம்' மட்டும் எப்போதும் தப்பித்துவிடுகிறது.

கடைசியாக அப்பு. க்விக்-ஈ-மார்ட் கடைக்காரர் அப்பு நஹசபீமபெட்டிலன், இந்தியர். குரல் வெள்ளைக்கார நடிகர் ஹாங்க் அசாரியா உடையது. அந்த இழுவை உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டே, அமெரிக்கப் பள்ளிகளில் நம் பிள்ளைகளைப் பழித்துக் காட்டினார்கள். 2016 ஜனவரியில் தொடர் என்ன செய்தது? அப்புவின் சகோதரன் மகனாக ஓர் இந்திய வம்சாவளி நடிகரைக் கொண்டுவந்து, நீ ஒரு கேலிச்சித்திரம் என்று அப்புவின் முகத்துக்கு நேரே சொல்ல வைத்தது. முன்ஜாமீன் மனு தாக்கல்! குரல் மட்டும் மாறவில்லை.

2017-இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு இதைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். 2018 ஏப்ரல் 8 அன்று தொடர் பதில் சொன்னது. லிசா கேமராவைப் பார்க்கிறாள். பல பத்தாண்டுகளுக்கு முன் எல்லோரும் கைதட்டிய ஒன்று இப்போது தப்பாகிவிட்டது, என்ன செய்வது என்கிறாள். பக்கத்தில் அப்புவின் படம். அதில் பார்ட்டின் பழைய வசனத்தைக் கையெழுத்தாகப் போட்டு ஒரு நக்கல். மற்ற இடங்களில் எல்லாம் பலித்த வித்தை, முதல் முறையாகப் பலிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. ஏன் தெரியுமா? காமிக்ஸ் கடைக்காரரைப் போல் ஓரங்கட்ட முடியாத நிஜ மனிதர்கள் எதிரே நின்றார்கள்.

முடிவுக்கு வந்தது எப்படி? 2020 ஜனவரியில் அசாரியா, அப்புவுக்கு இனி நான் குரல் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஜூன் மாதம், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளை நடிகர்கள் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தொடரும் அறிவித்தது. இரண்டுமே அறிவிப்புகள். இரண்டிலும் ஒரு நகைச்சுவைகூட இல்லை.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்வி. இந்தத் தொடர் தன்னைப் பார்த்து அடித்த நகைச்சுவையால், தானாகவே எதையாவது நிறுத்தியது, இழந்தது, விற்காமல் விட்டது என்று ஓர் அத்தியாயத்தைக் காட்டட்டும். காட்டிவிட்டால் எங்கள் அணி எழுந்து நின்று தோல்வியை ஒப்புக்கொள்ளும். மணி அடித்துவிட்டார்கள், நடுவர் அவர்களே. அமர்கிறேன். நன்றி, வணக்கம்.