மழைக்கு முன் ஒரு கூரை

(கடலூரில் வீடற்றோர் தங்கும் விடுதியின் சீரமைப்புப் பணி நிறைவு விழாவில், அக்டோபர் 10 அன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமையேற்றுச் சிறப்பிக்கும் மதிப்பிற்குரிய மேயர் அவர்களே, பணிகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் ஆணையர் அவர்களே, மாமன்ற உறுப்பினர் பெருமக்களே, தங்கள் மாணவர்களை ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் நம்மிடம் ஒப்படைத்த கல்லூரி முதல்வர்களே, அந்த மாணவர்களோடு தாமும் ஏணியில் ஏறிய நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களே, இவ்விடுதியை இரவும் பகலும் நடத்திவரும் மகளிர் சுய உதவிக் குழுச் சகோதரிகளே, சிமெண்டும் மணலும் வண்ணமும் தந்துவிட்டுத் தங்கள் பெயரை மேடையில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வணிகப் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் இவ்விடுதிவாசிகளுக்குத் தனியாக ஒரு வணக்கம் சொல்ல வேண்டும். இது உங்கள் இல்லம்; நாங்கள் இன்று இங்கே விருந்தினர்கள். நகக்கண்ணில் ஒட்டிய வண்ணம் இன்னும் போகாமல் பின்னால் நிற்கும் நாற்பது மாணவ மாணவியருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, இந்தக் கூரை. இரண்டு, இந்த முகவரி. மூன்று, குழந்தையோடு இரவில் தெருவுக்கு வந்துவிடும் பெண்களுக்கான தனியிடம். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும். "வெள்ளம் வருமுன் அணை போடு" என்று நம் முன்னோர் சொன்னார்கள். வேறு எந்த ஊரைக் காட்டிலும் கடலூருக்கு இது பொருந்தும். கெடிலமும் தென்பெண்ணையும் பரவனாறும் கடலைத் தொடும் ஊர் இது. 2004 டிசம்பர் 26 அன்று கடலே எழுந்து வந்ததைப் பார்த்தோம். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' என்ற புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்து, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் மழை நீரில் ஊர்கள் மிதந்தன. 2024இல் ஃபெஞ்சல் புயல் கடந்த கையோடு தென்பெண்ணை கரைபுரண்டது. ஒவ்வொரு முறையும் நாம் ஓடியோடி உதவினோம்; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஓட்டத்தில் பாதியை மழைக்கு முன்பே ஓடியிருக்கலாம் என்பதே என் வாதம்.

தொண்டு இந்த மண்ணுக்குப் புதிதன்று. உழவாரப் படையைத் தோளில் தாங்கிக் கோயில்தோறும் புல் செதுக்கிய நாவுக்கரசர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு மிதந்து கரையேறியதாக நாம் நம்பும் இடம் திருப்பாதிரிப்புலியூரை அடுத்த கரையேறவிட்ட குப்பம். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே ஒவ்வொரு நாளும் விறகு எடுத்துப் போடுகிறார்கள், அதனால் எரிகிறது. கூரைக்கும் அப்படி விடாமல் பார்க்கும் கை வேண்டும். கடலோரக் காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏற ஏறக் கம்பி பருக்கிறது. பருத்த கம்பி மேலே இருக்கும் பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. இதில் எவர் மீதும் பழி இல்லை. கடலோரத்தில் கட்டிய எந்தக் கட்டடத்துக்கும் இதுதான் நியதி, எனவே ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும்.

இங்கே நடந்த ஒன்றை நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சபை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறு மாணவர்கள் வந்தபோது, பெண்கள் படுக்கும் அறையின் மேற்கூரையில் ஒரு பெரிய ஈரக்கறை இருந்தது. அதைச் சுரண்டிப் பூசினார்கள். இரவு மழையில் மறுபடி சொட்டியது. இரண்டாம் ஞாயிறு மொட்டை மாடியில் அதே இடத்துக்கு நேர் மேலே தட்டோட்டைப் பெயர்த்து, சிமெண்ட் குழைத்து அடைத்தார்கள். மறுபடியும் சொட்டியது. பிள்ளைகள் மனம் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது, நான்கு ஆண்டுகளாக இங்கே தங்கியிருக்கும் ஒரு பெரியவர் படியேறி வந்தார். அவர் ஒரு காலத்தில் கொத்தனார். அதை அதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது. தண்ணி சுத்திக்கிட்டு வரும்" என்றார்.

பிறகு அவர் சொல்லச் சொல்ல அவர்கள் செய்தார்கள். களிமண்ணால் வரப்புக் கட்டி, வயலில் பாத்தி பிரிப்பதுபோல் மாடியை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் நிறுத்தினார்கள். கீழே இரண்டு மாணவிகள் கூரையையே அண்ணாந்து பார்த்தபடி அமர்ந்திருந்தார்கள். முதல் பாத்தியில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் தண்ணீர் நிறுத்தி இரண்டு மணி நேரம் ஆனபின், கீழேயிருந்து "சொட்டுது, சொட்டுது" என்று இருவரும் கூவினார்கள். ஈரக்கறை இருந்த இடத்துக்கும் தண்ணீர் நின்ற இடத்துக்கும் பத்தடி தூரம் இருந்தது. கைப்பிடிச் சுவரின் மூலையில், மழைநீர்க் குழாய் வாயருகே, விரல் பருமனில் ஓர் அரசங்கன்று. ஒரு மாணவர் அதைப் பிடுங்கக் கை நீட்டினார். பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டார். பிடுங்கினால் தண்டு கையோடு வந்துவிடும், வேர் உள்ளேயே தங்கி மறு ஆண்டு துளிர்க்கும் என்றார். சுற்றிலும் கொத்திப் பழைய காரையை எடுத்து, வேரைக் கடைசி நரம்புவரை தோண்டியெடுக்க அரை நாள் ஆனது.

அதன்பின் பூச்சு வேலைக்கான கரணையைக் கேட்டார். ஒன்றுக்கு மூன்று என்று சலித்த மணலும் சிமெண்டும் சேர்த்து, சுவரும் தளமும் சந்திக்கும் மூலையை வளைவாகப் பூசி, குழாய் வாய்க்கு வாட்டம் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்துவைக்கச் சொன்னார். விடுதிவாசிகள் முறை வைத்துக்கொண்டு நனைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு நல்ல மழை. மறுநாள் காலை ஒரு மாணவி எனக்குத் தொலைபேசியில் சொன்ன முழுச் செய்தியும் ஒரே சொல்தான்: "சொட்டல."

கதை இங்கே முடியவில்லை. திறன் தெரிந்தவரின் உழைப்பைத் தொண்டு என்ற பெயரில் இலவசமாக வாங்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் முடிவு. ஊரில் கொத்தனாருக்கு என்ன கூலியோ அதை அவருக்கும் கொடுப்பதென்று ரசீது எழுதினோம். எழுதிய மாணவர் பெயரை எழுதினார், வேலையை எழுதினார், முகவரி என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுது தம்பி. இந்த விடுதி பேரு, இந்தத் தெரு, கடலூர். நான் இருக்கிற எடம் இதுதானே?" என்றார். அன்று அந்த ரசீதில் எழுதியது அவருடைய முகவரி.

இரண்டாவது செய்தியை அவரே சொல்லிவிட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவு நாடெங்கும் நடைபாதையிலும் கோயில் வாசலிலும் படுத்திருந்தவர்களைத் தேடித் தேடி எண்ணினார்கள். 17 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடற்றவர்கள் என்று கண்டார்கள். அவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல் தாம் உறங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் வந்து பார்த்து உறுதிசெய்தால் போதும்; முகவரிக்கு ஆவணச் சான்று வேண்டியதில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. இவ்விடுதியில் இதுவரை பெயர் சேராதவர்களுக்குப் படிவம் நிரப்பித்தர மாணவர்கள் இங்கேயே ஒரு மேசை போட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தபின் ஓடக் கூடாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

நகர்ப்புற வீடற்றோர் விடுதித் திட்டத்தின் நெறிமுறைப்படி, ஒரு லட்சம் மக்கள் வாழும் இடத்தில் நூறு பேர் தங்க நிரந்தர விடுதி வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும். நம் ஊர் 2021இல் மாநகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர வளர இந்தக் கணக்கும் வளரும். பெண்களுக்கான தனியிடம் இந்தக் கணக்கிலேயே அடங்கும். மேயர் அவர்கள் இதைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் முதன்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அந்த 120இல் எட்டு மணி நேரத்தை மட்டும் எனக்குத் தாருங்கள் என்று முதல்வர்களிடம் கேட்கிறேன். அத்திட்டத்தின் ஓர் அலகில் நூறு மாணவர்கள். தலைக்கு எட்டு மணி நேரம் என்றால் நூறு ஆள்நாள் வேலை. இவ்வளவு பெரிய கட்டடத்தின் மாடியைக் கூட்ட, மழைநீர்க் குழாயின் சருகை எடுக்க, வெடிப்புகளை அடைக்க, கழிவறைக் கதவுகளுக்குத் தாழ் போட, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த எட்டு மணி நேரம் ஆவணி மாதத்தில் அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்குகிறது. ஐப்பசியில் வரும் தொண்டருக்கு வாளியும் துடைப்பமும்தான் மிஞ்சும். ஆவணியில் வருபவர் கரணை பிடிக்கலாம். இந்த ஆண்டு நாம் புரட்டாசி முடியும் நேரத்தில்தான் முடித்திருக்கிறோம். வானம் பொறுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டும் அது பொறுக்கும் என்று எவரால் உறுதி தர முடியும்?

ஆகவே பிள்ளைகள் தனியே வர வேண்டாம், ஒவ்வொரு இருபது பேருக்கும் ஊதியம் பெறும் கொத்தனார் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து, ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமையை விடுதிக் கூரை நாள் என்று நம் ஊர்க் கல்லூரிகள் அனைத்தும் தங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வாயிலருகே உள்ள மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். முதல்வர்கள் போகும்போது கல்லூரிப் பெயரையும் மாணவர் எண்ணிக்கையையும் எழுதிச் செல்லுங்கள். முதல் பக்கத்தில், மேற்பார்வை என்ற இடத்தில், அந்தப் பெரியவர் நேற்றே தம் பெயரையும் இவ்விடுதியின் முகவரியையும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.