திரைக்குப் பின்னால் இருக்கும் கதவு

அவைக்கு வணக்கம்.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. யாரும் திரும்பிப் பார்க்காமல் சொல்ல வேண்டும். இந்த அரங்கத்துக்கு எத்தனை வாசல்? முன்வரிசையில் ஒன்று என்கிறார்கள். ஓரத்தில் ஒரு அம்மா மட்டும் இரண்டு என்கிறார். அவர் சொல்வதுதான் சரி. மேடைக்கு இடப்பக்கம், இந்தத் திரைக்குப் பின்னால் இன்னொரு கதவு இருக்கிறது. உங்களைக் குறை சொல்லக் கேட்கவில்லை. எங்கே போனாலும் வந்த வழி ஒன்றுதான் நம் மனதில் நிற்கும். தீப்பிடித்தாலும் கால் அந்த வழியைத்தான் தேடும், கை எட்டும் தூரத்தில் வேறு கதவு இருந்தாலும்.

ஆபத்து நேரத்தில் புதிதாக யோசிக்க நமக்கு அவகாசம் இருக்காது. கையும் காலும் முன்பே செய்து பழகியதைத்தான் செய்யும். நான் சொல்ல வந்தது இதுதான்.

எனக்கு இது புரிந்தது அடுப்படியில். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு போன் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சட்டி எரிகிறது. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று படித்திருக்கிறேன், பிறருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் என் கை தண்ணீர்ச் சொம்புக்குத்தான் போனது. அக்கா என்னை இடித்துத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தார். ஒரு பெரிய மூடியை எடுத்து, தன் பக்கமிருந்து மெல்லச் சரித்துச் சட்டியை மூடினார். தீ அடங்கிவிட்டது. சூடு ஆறும்வரை மூடியைத் தொடவும் விடவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டராக விரியும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் அது நொடியில் நடக்கும், எரிகிற எண்ணெய் கூரைவரை சிதறும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது, அக்காவுக்குத் தெரியாது. ஆனால் அவர் முன்பு ஒரு முறை இதே மாதிரி ஒரு சட்டியை மூடியிருக்கிறார்.

சரி, வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தில் 1993இல் குண்டு வெடித்தபோது மக்கள் வெளியேறிய விதத்தை ரிக் ரெஸ்கோர்லா பார்த்தார். பின்னாளில் மார்கன் ஸ்டான்லியோடு இணைந்த டீன் விட்டர் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறுப்பு அவருடையது. அதன்பிறகு தன் ஊழியர்களை அடிக்கடி படிக்கட்டு வழியாக இறக்கிப் பழக்கினார். பெரிய பதவியில் இருந்தவர்களையும் விடவில்லை. வேலை கெடுகிறதே என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று முதல் விமானம் வடக்குக் கோபுரத்தில் மோதியதும், தெற்குக் கோபுரத்தில் இருந்தவர்களை அவரவர் இடத்திலேயே இருக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துத் தன் ஆட்களை இறங்கச் சொன்னார். ஏறக்குறைய 2,700 பேரில் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் தப்பினார்கள். மிச்சம் யாரும் இருக்கிறார்களா என்று பார்க்க மறுபடி மேலே ஏறிய அவர் திரும்பவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சலிப்புதான் ஞாபகம் வருகிறது. அவ்வளவு முணுமுணுப்பையும் அவர் பொறுத்துக்கொண்டாரே!

அதே நகரத்தில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் தைப்புத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. நாளை உங்கள் வேலையிடத்தில் அவசரவழிக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தால் அதுவும் பூட்டிய கதவுதான்.

இன்னொரு தடை நமக்குள்ளேயே இருக்கிறது. லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். படிவம் நிரப்பச் சொல்லி ஆளை ஓர் அறையில் உட்காரவைத்து, உள்ளே புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாததுபோல் நடித்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். அடுத்தவர் அசையவில்லையே, நாம் மட்டும் எழுந்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் உயிரைக் குடிக்கும். புகை வாசனை வந்தால் உரக்கச் சொல்லுங்கள். ஒருவர் மயங்கி விழுந்தால், "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். ஒருவரைக் கைகாட்டி, "நீலச் சட்டை அண்ணா, நீங்க கூப்பிடுங்க" என்று சொல்லுங்கள்.

விழுந்தவருக்கு உணர்வில்லை, மூச்சும் சரியாக இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. நின்ற இதயத்துக்கு உதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் போய்விடுகிறது. நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகும்படி அழுத்த வேண்டும். கேட்க எளிது. பயிற்சிப் பொம்மையின் மேல் முதல்முறை செய்தபோது இரண்டே நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அதனால்தான் நேரில் போய்ப் பழகச் சொல்கிறேன், கூடவே இன்னொருவரையும் அழைத்துப்போகச் சொல்கிறேன். மாறி மாறி அழுத்த ஆள் வேண்டும்.

வீட்டுக்கும் சில உண்டு. தீக்காயத்தில் பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும், அந்த நேரத்தில் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. மின்சாரம் தாக்கியவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியட்டும். அப்புறம், ஒரு நாள் இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கையிலிருந்து வாசல்வரை சுவரைத் தடவிக்கொண்டே குடும்பத்தோடு நடந்து பாருங்கள். புகைக்குள் எப்படித் தவழ வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியும். வெளியே வந்ததும் எங்கே கூடுவது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். இல்லையென்றால் தப்பி வந்தவரைத் தேடி இன்னொருவர் தீக்குள் போவார்.

நேரமாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து வந்த வழியே போகாதீர்கள். இந்தத் திரையை நானே விலக்குகிறேன், எல்லோரும் இந்தக் கதவு வழியாக இறங்குவோம். முதியவர்கள் முன்னால் வரட்டும். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். காலையில் திறந்து பார்த்தேன், மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் வருகிறது. வெளியே மூன்று படி இருக்கிறது, பார்த்து வாருங்கள்.