வெயிலில் படிக்க முடியாத டாஷ்போர்டு: மோட்டார்ஹோம் டிஸ்ப்ளேக்கு என்ன செய்யலாம்?

[திரை: அகலமான முன்கண்ணாடி, நடுப்பகல் வெயில். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு வரி ஓடும் சின்ன சாம்பல்நிறத் திரை.]

வணக்கம். இது மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கும் வசதி கொண்ட வண்டி. இதன் டாஷ்போர்டில் உள்ள இந்தச் சின்னத் திரையில் இப்போது ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. கேமராவை எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோனாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை, பாருங்கள். ஓட்டுபவர் இதை மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2000-களில் வந்த பெரிய டீசல் மோட்டார்ஹோம்கள் பலவற்றில் இதே கதைதான். உள்ளே தோல் சோஃபா, கிரானைட் கவுன்டர், இரண்டு டிவி எல்லாம் இருக்கும். டாஷ்போர்டில் மட்டும் பழைய கால்குலேட்டரிலிருந்து பிடுங்கி வைத்த மாதிரி ஒரு எல்சிடி. இன்ஜின் சூடு, கியர்பாக்ஸ் சூடு, பழுதுக் குறியீடு எல்லாம் அந்த இரண்டு வரிக்குள்தான்.

தெரியாவிட்டால் என்ன, அதுதான் முள் காட்டும் மீட்டர் இருக்கிறதே என்று தோன்றலாம். இந்த வண்டியில் அது போதாது.

[திரை: 40 அடி வண்டியின் பக்கவாட்டுப் படம். இன்ஜின், ரேடியேட்டர் இரண்டும் வண்டியின் கடைசியில்.]

இந்த ரக வண்டியை டீசல் புஷர் என்பார்கள். இன்ஜின் பின்னால், ஓட்டுபவர் முன்னால், நடுவில் ஒரு முழு வீடு. 40 அடி நீளம் என்றால் சுமார் 12 மீட்டர். இன்ஜின் திணறுகிற சத்தமோ கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொதிக்கிற வாடையோ ஓட்டுபவரிடம் வந்து சேராது. ரேடியேட்டரும் பல வண்டிகளில் பின்பக்கம்தான். சாலைத் தூசி வந்து படியும் இடம் அது. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை அந்தத் தூசியைப் பிசினாக ஒட்டவைத்துவிடும். சமதரையில் எந்தக் குறையும் தெரியாது. ஏற்றத்தில்தான் குட்டு வெளிப்படும்.

கொலராடோவில் டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வர் கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. சுமார் 60 மைல் போனால் ஐசனோவர் சுரங்கப்பாதை, 11,158 அடி. இந்த ஏற்றத்தில் கூலன்ட் சூடு 190 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 200, 205, 210 என்று ஊர்ந்து ஏறும். முள் என்ன செய்யும்? பல வண்டிகளில் அந்த முள், நடுவில் ஒரு அகலமான பகுதிக்குள் அசையாமல் நிற்கும்படியே வைக்கப்பட்டிருக்கும். அது நகர ஆரம்பிக்கும்போது நீங்கள் ஓரம் கட்ட இடம் தேடிக்கொண்டிருப்பீர்கள். எண்ணாகப் பார்த்தால் ஐந்து நிமிடம் முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் சுற்றை ஏற்றி, சூட்டை இறக்கியிருக்கலாம்.

சரி, அந்தத் திரை ஏன் தெரியவில்லை? காரணம் ஒன்று மட்டும் இல்லை.

முதலில் வெயில். மோட்டார்ஹோம் முன்கண்ணாடி சுவர் மாதிரி நிமிர்ந்து, கூரை வரை போகும். காரில் டாஷ்போர்டுக்கு மேலே கிடைக்கும் நிழல் இங்கே கிடையாது. நேர் வெயில் என்றால் விழும் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். பூச்சு இல்லாத கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அந்த 4 சதவீதமே பின்னாலிருக்கும் மங்கலான பல்பைத் தோற்கடிக்கப் போதும்.

அப்புறம் வயது. திரைக்கும் வயது, பார்ப்பவருக்கும் வயது. எல்சிடியின் மேல் ஒட்டியிருக்கும், ஒளியை வடிகட்டும் போலரைசர் படலம் வருடக்கணக்கில் சூடு பட்டு மஞ்சளாகும், குமிழியிடும். கண்ணாடியையும் சர்க்யூட் போர்டையும் இணைக்கும் ரப்பர் பட்டையோ ரிப்பன் கேபிளோ தொடர்பு விட்டால், எழுத்தில் ஒரு முழுக் கோடே காணாமல் போகும். 8 என்பது 6 ஆகத் தெரியும். தப்பான எண்ணைக் காட்டுவதைவிட எதையும் காட்டாமல் இருப்பது மேல் என்பேன்.

[திரை: பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பகுதி தெளிவாக, மேல்பகுதி தெளிவாக, டாஷ்போர்டு மட்டும் மங்கலாக.]

கண் விஷயம் இன்னும் சுவாரசியம். இந்த வண்டிகளை வாங்குகிறவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்க, அதாவது 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு. மேல்பகுதி சாலைக்கு. டாஷ்போர்டோ 75 சென்டிமீட்டரில் இருக்கிறது, இரண்டிலும் சேராது. அதனால்தான் தாடையைத் தூக்கியும் தாழ்த்தியும் பார்க்கிறார்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், சில திரைகள் முழுக் கறுப்பாகிவிடும். உங்கள் திரையும் அப்படியா என்று பார்க்க, தலையைத் தோள்பக்கம் சாயுங்கள். எழுத்து திடீரென்று தெரிந்தால் குற்றவாளி உங்கள் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. செலவில்லாத தீர்வு.

வண்டிக்குள் வைக்கும் திரைகளின் எழுத்துக்கு ஐஎஸ்ஓ 15008 என்று ஒரு சர்வதேசத் தரக்குறிப்பு உண்டு. எழுத்தின் உயரம் கண்ணில் 20 ஆர்க் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு) பிடிக்க வேண்டும் என்று அது பரிந்துரைக்கிறது. 75 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 4.4 மில்லிமீட்டர். ஸ்கேலை எடுத்து உங்கள் டாஷ்போர்டில் அளந்து பாருங்கள். இது நல்ல கண்ணுக்கான கணக்கு. என்னைக் கேட்டால் இதைப்போல மூன்று மடங்கு வைப்பேன்.

[திரை: கழற்றிய மீட்டர் பெட்டி. பின்னால் சின்னச் சின்ன பல்புகள்.]

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பெரும்பாலோர் முதலில் கை வைப்பது பல்பில். பழைய மீட்டர் பெட்டிகள் பலவற்றில் 74 என்ற எண் கொண்ட சின்ன பல்பு இருக்கும். பின்பக்கம் கால் வட்டம் திருப்பினால் ஹோல்டரோடு கழன்று வரும். அதே இடத்தில் எல்இடி போடலாம். எரியவில்லையா? திருப்பிப் போடுங்கள், எல்இடிக்கு பிளஸ் மைனஸ் உண்டு. சார்ஜ் எச்சரிக்கை விளக்கை மட்டும் தொடாதீர்கள். சில வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் கரன்ட்தான் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தூண்டிவிடுகிறது. எல்இடி அவ்வளவு கரன்ட்டை விடாது, பேட்டரி சார்ஜ் ஆகாமல் போகலாம்.

பல்பு மாற்றினால் இரவில் நன்றாகத் தெரியும். பகலில்? பெரிய மாற்றம் இருக்காது. வெயிலோடு மல்லுக்கட்ட அந்தச் சின்ன எல்இடியால் முடியாது.

மீட்டர் பெட்டியையே மாற்றலாமா? பழைய வண்டிக்குப் புதுசு கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டரில் சிக்கல் இருக்கிறது. பழைய மைல் கணக்கைப் புதிய ஓடோமீட்டரில் ஏற்ற முடியாவிட்டால் அதைப் பூஜ்யத்தில் வைத்து, மாற்றிய தேதியையும் அதுவரை ஓடிய மைலையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க மத்திய சட்டம். நான் அந்த வழிக்கே போகமாட்டேன். பழைய திரை அதன் இடத்தில் இருக்கட்டும். அதற்குப் போகும் அதே தகவலை நாமும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொள்ளலாம்.

[திரை: இரண்டு முறுக்கிய வயர்கள் வண்டியின் நீளம் முழுக்க ஓடுகின்றன. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டாஷ்போர்டு எல்லாம் அதில் தொங்குகின்றன.]

இதற்குள் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த டீசல் வண்டிகளில் இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் ஜே1939 என்ற முறையில் பேசிக்கொள்கின்றன. கேன் ஹை, கேன் லோ என்று இரண்டே வயர். பேருந்து நிலைய ஒலிபெருக்கி மாதிரி, யாருக்கென்று இல்லாமல் எல்லாச் செய்தியும் பொதுவில் ஒலிக்கும். வேண்டியவர் வேண்டியதைக் காதில் வாங்கிக்கொள்வார். கூடுதலாக ஒருவர் நின்று கேட்டால் ஒலிபெருக்கிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

[திரை: 65262 என்ற எண். அதன் கீழே எட்டு பைட்டுகள். முதல் பைட்டில் 138.]

இன்ஜின் சூட்டை எடுத்துக்கொள்வோம். 65262 என்ற எண்ணுள்ள செய்தி நொடிக்கு ஒருமுறை வரும். அதன் முதல் பைட், அதாவது முதல் எண், கூலன்ட் சூடு. அதில் 138 என்று வந்தால் 40-ஐக் கழியுங்கள், 98 டிகிரி செல்சியஸ். ஃபாரன்ஹீட்டில் 208. ஏன் 40-ஐக் கழிக்க வேண்டும்? உறைபனியில் நிற்கும் வண்டியின் மைனஸ் கணக்கையும் இதே பைட்டில் அடக்கத்தான். முள் நடுவிலேயே நின்றாலும் இந்த எண் 134, 136, 138 என்று ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் டாஷ்போர்டில் சரியாகத் தெரியாத தகவல், இரண்டு வயரில் ஒரு டிகிரி துல்லியத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

அதை வெளியே எடுக்க, ஓட்டுநர் காலருகே வட்டமான ஒன்பது பின் சாக்கெட் ஒன்று இருக்கும். கறுப்பு என்றால் நொடிக்கு 250 கிலோபிட் வேகம். புதிய வண்டிகளில் பச்சை, 500 கிலோபிட். ஏ பின் எர்த், பி பின் பேட்டரி, சி-யும் டி-யும் தகவல் வயர்கள். ஆறு பின் மட்டும் இருந்தால் இன்னும் பழைய முறை. வாங்கும் கருவி அதற்கும் ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோர்டு எஃப்53 போன்ற பெட்ரோல் வண்டிகளில் கார்களில் பழுது பார்க்க இருக்கும் 16 பின் ஓபிடி சாக்கெட்தான். அங்கே வேலை இன்னும் சுலபம்.

சாக்கெட்டில் எதையும் செருகும் முன் ஒரு சின்ன சோதனை. வண்டியை முழுவதும் அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து சி-க்கும் டி-க்கும் நடுவே அளந்து பாருங்கள். 60 ஓம் பக்கம் வந்தால் நல்லது. வயரின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 60. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, முதலில் அதைக் கவனியுங்கள். 40 காட்டினால் யாரோ ஏற்கெனவே மூன்றாவதாக ஒன்றைச் சொருகியிருக்கிறார்கள். நீங்கள் கிளை வயர் இழுப்பதாக இருந்தால் ஒரு மீட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

[திரை: மூன்று வகைக் கருவிகள் வரிசையாக.]

கருவிகளில் ஸ்கேன்கேஜ்-டி போன்ற சின்னப் பெட்டிகள் உண்டு. நான்கு எண்கள் காட்டும், தனியாக ஆப் எதுவும் வேண்டாம். சில்வர்லீஃபின் விஎம்எஸ்பிசி கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். மீட்டர்களை விருப்பப்படி அடுக்கலாம். புளூஃபயர் போன்ற அடாப்டர்கள் சாக்கெட்டில் உட்கார்ந்து, புளூடூத் வழியாக டேப்லெட்டுக்குத் தகவல் அனுப்பும்.

டேப்லெட் கவர்ச்சியான வழிதான். ஆனால் சாதாரண டேப்லெட்டின் வெளிச்சம் 400, 500 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவில்தான் இருக்கும். நேர் வெயிலில் படிக்க 1,000 நிட்ஸ் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. சூடு இன்னொரு தொல்லை. ஐபேடை 0 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயில் பட்ட டாஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். டேப்லெட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் திரையை மங்கலாக்கும். எந்தக் குறைக்காக மாற்றினோமோ அதுவே திரும்ப வந்து நிற்கும். ஏசி காற்று படும் இடத்தில் மாட்டினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

மாட்டும் இடம் கண்ணுக்கு எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது. சாலையிலிருந்து கண்ணை அதிகம் தாழ்த்த வேண்டியிருக்காது. அதற்காகச் சாலையை மறைக்கக்கூடாது. கலிஃபோர்னியாவில் ஜிபிஎஸ் கருவியை முன்கண்ணாடியில் மாட்டக்கூட ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் 5 அங்குலச் சதுரம், எதிர்ப்பக்கக் கீழ்மூலையில் 7 அங்குலச் சதுரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஆகவே கண்ணாடியை விட்டுவிட்டு டாஷ்போர்டு விளிம்பிலோ பக்கத் தூணிலோ மாட்டுங்கள். திரைக்கு மேலே மினுக்காத கறுப்பு மறைப்பு ஒன்று, இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். திரையைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் வானம் அதில் பிரதிபலிக்காது.

நிறத்தில் அழகு பார்க்காதீர்கள். பகலில் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. இரவில் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன்கண்ணாடியில் இன்னொரு டாஷ்போர்டு மிதக்கும். கறுப்பில் சிவப்பு எழுத்து பார்க்க விமானம் மாதிரி இருக்கும், வெயிலில் ஒன்றும் தெரியாது.

[திரை: முப்பது மீட்டர்கள் நிறைந்த திரை. அது மறைந்து மூன்று பெரிய எண்கள் வருகின்றன.]

ஆப்பைத் திறந்ததும் முப்பது மீட்டரையும் இழுத்துப் போட ஆசை வரும். டர்போ அழுத்தம், எரிபொருள் ஓட்டம், இன்டேக் காற்றின் சூடு... இறங்கி நின்று பார்க்க நன்றாக இருக்கும். ஓட்டும்போது என் திரையில் கூலன்ட் சூடு, கியர்பாக்ஸ் சூடு, பேட்டரி வோல்ட் இந்த மூன்றும்தான். ஏர் பிரேக்கின் காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை அதற்கென்று இருக்கும் அசல் மீட்டரையும் பஸ்ஸரையும் நம்புங்கள். புளூடூத்தை நம்பிப் பிரேக் பிடிக்க வேண்டாம். கியர்பாக்ஸ் அலிசன் 3000 என்றால் அதன் எண்ணெய் 160 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு, உச்ச வரம்பு 250. கூலன்ட் வரம்பு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். கையேட்டில் பார்த்து, அதற்குப் பத்து டிகிரி கீழே எண் சிவப்பாகும்படி வைத்துவிட்டால் அதையே பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டியதில்லை.

கடைசியாக அந்த பி பின். சாவியை எடுத்தாலும் அதில் கரன்ட் இருக்கும். அடாப்டர் இழுப்பது கொஞ்சம்தான், ஆனால் குளிர்காலம் முழுக்க வண்டி ஷெட்டில் நின்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சேசிஸ் பேட்டரியைக் காலி செய்ய அது போதும். வண்டிக்குள் இருக்கும் வீட்டுப் பகுதியின் விளக்குகளுக்குத் தனி பேட்டரி என்பதால் உள்ளே எல்லாம் எரியும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. வண்டியை நிறுத்தி வைக்கும்போது அடாப்டரைக் கழற்றி கிளவ் பாக்ஸில் போட்டுவிடுங்கள்.