பாராசிட்டமால் சிஸ்டர் பேசுகிறேன்

அவிநாசியில் செவிலியர் தினத்தை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: “வேறு வேலை பார்த்துவிட்டு வார்டுக்குத் திரும்பும் செவிலியர் மருத்துவமனைக்குப் பலமா, பாரமா?” ‘பலமே’ அணியில் பேசியது.

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், இந்த வெயிலிலும் வந்து உட்கார்ந்திருக்கிற உங்களுக்கும் வணக்கம்.

எழுதி எடுத்து வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். எதிரணித் தம்பி ஐ.சி.யு.வில் வேலை பார்ப்பவர். சற்று முன் அவர் ஒன்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். “எட்டு வருசம் பனியன் கம்பெனியில பாராசிட்டமால் குடுத்த சிஸ்டர் வார்டுக்கு வந்தா, பயம் பேஷண்டுக்கா, சிஸ்டருக்கா?” அதோடு விட்டாரா? “பாராசிட்டமால் சிஸ்டர்” என்று ஒரு பட்டமும் கொடுத்தார்.

நடுவர் அவர்களே, அந்த பாராசிட்டமால் சிஸ்டர் நான்தானுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் முதலுதவி அறையில் எட்டு வருசம் இருந்தேன். இப்போது கோவையில் ஒரு மருத்துவமனையின் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். அந்தத் தம்பிக்குப் பதில் சொல்லாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

500 பேருக்கு மேல் வேலை செய்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. எங்கள் அறையில் ஒரு கட்டில், ஒரு பி.பி. மெஷின், ஒரு சுகர் மெஷின், ஒரு மாத்திரை அலமாரி. மானிட்டர் கிடையாது, ஈ.சி.ஜி. கிடையாது. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாள் போனில்தான். அங்கே யார் வருவார்கள் தெரியுமா தம்பி? ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி நகத்தோடு இறங்கிய பெண் வருவாள். காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு ஒன்றரை ஷிப்ட் நின்று மயங்கியவளைத் தூக்கி வருவார்கள். மாதவிலக்கு வலியைச் சூப்பர்வைசரிடம் சொல்லக் கூசி, ‘தலைவலி’ என்று சொல்லி வந்து உட்காருகிற பிள்ளை வரும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு நான் பாராசிட்டமாலும் கொடுத்தேன், இரத்தம் பரிசோதிக்க அரசு மருத்துவமனைக்குச் சீட்டும் கொடுத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி. கட்டிங் மாஸ்டர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். “சிஸ்டர், வாயுவுங்க. மத்தியானம் பருப்பு வடை தின்னேன். ஜெலுசில் இருந்தா ஊத்துங்க, ஓடோணும். ராத்திரி ஷிப்மெண்ட்.” சரி என்று பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்துவிட்டேன். நல்லா கவனியுங்க, மூடியைத் திறந்துவிட்டேன்! மருந்து மூடியில் விழவேண்டியதுதான் பாக்கி. அப்போது அவர் தாடையைத் தேய்த்தார். இடது பக்கத் தாடை. வாயு வந்தவர் வயிற்றைத் தேய்ப்பார், நெஞ்சைத் தேய்ப்பார், தாடையை எதற்குத் தேய்க்கிறார்? சட்டையைப் பார்த்தேன். கட்டிங் பகுதியில் ஏர் கூலர் ஓடுகிறது, இவர் முதுகு நனைந்து ஒட்டியிருக்கிறது. கையைத் தொட்டேன். ஈரம். கிணற்றுக்குள் இருந்து எடுத்த மாதிரி குளிர்ச்சி.

மூடியை மூடினேன்.

“அண்ணா, உக்காருங்க. ஒரு அடி நடக்கக் கூடாது” என்றேன். “அட, ஷிப்மெண்ட் அம்மிணி!” என்கிறார். அங்கே டாக்டருக்குப் போன் போகிறது, இங்கே 108-க்குப் போன் போகிறது. டாக்டர் சொன்னபடி ஆஸ்பிரினைக் கடித்து மெல்ல வைத்தேன். நாலு டெய்லர் பையன்கள் நாற்காலியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டு போனார்கள். அப்போதும் அவர் “வாயுதானுங்க, வாயுதானுங்க” என்று சொல்லிக்கொண்டே போனார். மருத்துவமனையில் ஈ.சி.ஜி. எடுத்த உடனே சொல்லிவிட்டார்கள், மாரடைப்பு. அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டுக்காரம்மா ஒரு தூக்குப் போசி நிறைய முறுக்கு கொண்டு வந்தார். கம்பெனியில் அந்தக் கதையைச் சொல்லாத ஆள் கிடையாது. கதை கேட்கிற எல்லாரும் ஆஸ்பிரினைப் பற்றிக் கேட்பார்கள், 108 எத்தனை நிமிசத்தில் வந்தது என்று கேட்பார்கள். எனக்கு மட்டும் அந்த மூடிதான் ஞாபகம். திறந்த மூடியை மறுபடி மூடியது.

தம்பி, அதைத்தான் நான் வார்டுக்குக் கொண்டு வந்தேன்.

சரி, பயம் யாருக்கு என்று கேட்டீர்களே. சிஸ்டருக்குத்தான். திரும்பி வந்த முதல் வாரம், மருந்தை மெல்ல மெல்ல ஏற்றுகிற சிரிஞ்ச் பம்ப் அலாரம் அடித்தபோது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது சின்ன சிஸ்டர் ஒருத்தி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். கண்ணில் நீர் வந்தது, உண்மைதான். ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது? இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிரிஞ்சிலும் அதே மாதிரி இரண்டு உண்டு. 100 குப்பியை 40 சிரிஞ்சில் மாற்றி இழுத்தால் அளவு இரண்டரை மடங்கு போகும். பழகிய கை சில நேரம் பார்க்காமல் இழுக்கும். பயந்த கை குப்பியைப் படித்து, சிரிஞ்சைப் படித்து, பக்கத்து சிஸ்டரிடம் காட்டிவிட்டுத்தான் போடும். மறந்தவர்கள் மட்டும்தான் புதிதாகக் கற்கவேண்டும் என்று இல்லை. இதயம் நின்றுபோனவருக்கு முதலில் மூச்சுப்பாதையைப் பார் என்று படித்த எல்லாரும், 2010-க்குப் பிறகு முதலில் நெஞ்சை அழுத்து, நிமிடத்துக்கு 100-லிருந்து 120 வரை அழுத்து என்று மாற்றிப் படித்தோம். வார்டை விட்டு ஒரு நாளும் நகராதவர்களும் படித்தார்கள்.

இந்த ஊர்க்காரர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊர்த் தேர் சித்திரையில் ஓடுகிறது. மீதி நாளெல்லாம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நின்ற தேர் ஓடுமா என்று அவிநாசியில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? சக்கரத்தைப் பார்க்கிறீர்கள், வடத்தைப் பார்க்கிறீர்கள், பின்னால் சன்னைக் கட்டை போட்டுத் தள்ளுகிறீர்கள். முதல் அசைவுக்குத்தான் அந்தச் சன்னை. திரும்பி வருகிற செவிலியருக்கும் அதைத்தான் கேட்கிறோம். முதல் ஒரு மாதம் கூட ஒரு ஆள், கேட்டால் சொல்ல ஒரு வாய். வந்த அன்றே பத்துப் படுக்கையைத் தலையில் கட்டிவிட்டு, தடுமாறினால் பாரம் என்று சொல்லாதீர்கள்.

வார்டை விட்டு ஏன் போனோம் என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார்கள். பிள்ளை ஒன்றாம் வகுப்பு. நைட் டூட்டி பார்க்க முடியவில்லை. யூனிபார்மைத் துவைத்து, மடித்து, பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டை போட்டு வைத்தேன். எட்டு வருசமும் ஆடிப் பெருக்குக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது வெளியே எடுப்பேன், வெயிலில் உதறுவேன், மறுபடி வைப்பேன். மாமியார் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடுவதற்கு ஒரு மாதம் முன்னால், கோணிய வாயோடு எனக்கு மட்டும் புரிகிற மாதிரி சொன்னார்கள். “என்னைப் பாத்தது போதுஞ்சாமி. நீ அதைப் போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டேன். திரும்பி வந்த மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணி. ஏழாம் படுக்கையில் கோபிப் பக்கத்து ஆத்தா ஒருவர். மானிட்டரில் ஆக்சிஜன் 96. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆத்தா என் கையைப் பிடித்து, “என்னமோ பண்ணுது கண்ணு” என்றார். மானிட்டரைப் பார்க்கவில்லை, அவர் நெஞ்சைப் பார்த்தேன். கடிகாரத்தை வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன். 30 மூச்சு, இருக்கவேண்டியதைவிட ரொம்ப வேகம். டாக்டரை எழுப்பினேன். எக்ஸ்ரேயில் நிமோனியா. விடிவதற்குள் மருந்து ஏறிவிட்டது.

ஏழரைக்கு ஹேண்டோவர் முடித்துவிட்டுப் பையை எடுக்கும்போது ஆத்தா கூப்பிட்டார். “இன்னைக்கு ராத்திரிக்கும் நீதான வருவே?”

“வருவனுங் ஆத்தா” என்றேன்.

நடுவர் அவர்களே, இன்றைக்கும் எனக்கு நைட் டூட்டி. ஐந்தரை மணிக்குக் கோவை பஸ். வருகிறேன்.