பக்கத்து வீட்டு வாடகை என்ன?

(வாடகைக் குடியிருப்போர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, முன்னிலை ஏற்றிருக்கும் மாண்புமிகு மேயர் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, கட்டுநர் சங்கத்தின் சார்பில் வந்திருக்கும் நண்பர்களே, வீட்டு உரிமையாளர்களே, அந்த வீடுகளில் குடியிருப்பவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

மேயர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். வாடகையைப் பற்றிப் பேசும் கூட்டம் என்றால், பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் வாழ்த்துச் செய்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் நேரில் வந்தார். விளக்கேற்றியவுடன் கிளம்பிவிடாமல் கடைசி வரை இருந்து கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். நீதிபதி ஐயா பல ஆண்டுகள் வாடகை வழக்குகளை விசாரித்தவர். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்தால் இரண்டு தரப்பும் என்ன பாடு படுகின்றன என்பதை அவர் இப்போது சொல்லக் கேட்டோம். கட்டுநர் சங்கத்தார் வந்திருப்பதும் எனக்குப் பெருமகிழ்ச்சி. அவர்களோடு எனக்குக் கருத்து வேற்றுமை உண்டு. ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினால்தான் அது தீரும்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். நடுத்தர அளவுள்ள ஒரு நகரத்தில் வாடகை ஏன் திடீரென்று ஏறுகிறது என்பது ஒன்று. ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை எது, அதை எப்படி அளப்பது என்பது இரண்டாவது. பொது நிர்வாகம் தானே வீடு கட்டி வாடகைக்கு விடுவது மூன்றாவது.

என் தந்தை கணக்கு எழுதிப் பிழைத்தவர். நாள் தவறாமல் அவர் வாயில் வந்த பழமொழி, "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது. என் பேச்சை முன்பு கேட்டவர்களுக்கு இது பழகிய வரிதான். ஆனாலும் இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வரி எனக்குக் கிடைக்கவில்லை. மாதா மாதம் வருமானத்தில் பெரிய பங்கை எடுத்து வாடகையாகப் போடுகிறோம். யாராவது அளந்து போடுகிறோமா? அளப்பதற்குப் படி எங்கே இருக்கிறது?

முதல் செய்திக்கு வருகிறேன். பெருநகரத்தில் எந்த நாளிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் காலியாகவும் நிறைந்தும் மாறிக்கொண்டே இருக்கும். சிற்றூரில் வருபவர்களே குறைவு. நடுத்தர நகரம் இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு கல்லூரி வந்தால் போதும், அல்லது ஒரு பெரிய மருத்துவமனை, ஒரு தொழிற்சாலை. ஒரே ஆண்டில் சில நூறு குடும்பங்கள் வீடு தேடி வந்து நிற்கும். வீடு அப்படி ஓராண்டில் வந்துவிடாது. மனை வாங்க வேண்டும், வரைபட அனுமதி வாங்க வேண்டும், கடன் கிடைக்க வேண்டும், கட்டி முடிக்க வேண்டும். ஆள் வந்த பிறகு வீடு வந்து சேரும்வரை உள்ள அந்த இடைவெளியில்தான் வாடகை எகிறுகிறது. அமெரிக்காவில் பாய்சி என்ற நகரத்தின் கதை இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற நிலை வந்ததும், பெருநகரச் சம்பளக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். உள்ளூர்ச் சம்பளம் வாங்கியவர்கள் அந்த வாடகையோடு மல்லுக்கட்ட முடியாமல் திணறினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே தெருவில் இரண்டு வாடகைகள் உண்டு. ஐந்தாறு ஆண்டுகளாக இருப்பவர் கொடுப்பது ஒன்று, இன்று புதிதாக வருபவரிடம் கேட்பது இன்னொன்று. விளம்பரங்களில் நாம் பார்ப்பது இரண்டாவதை மட்டும்தான். அதுவும் கேட்கும் தொகைதான்; பேசி முடித்த தொகை வெளியே வருவதே இல்லை. அந்தக் கேட்பு விலையையே நாம் ஊர் வாடகை என்று எண்ணிக்கொள்கிறோம். பிறகு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் வீட்டுக்காரர் சொல்கிறார்: "எல்லாரும் இப்போது இவ்வளவு தருகிறார்கள்." பதினோரு வீடுகளில் குடியிருந்தவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட அது உண்மையா என்று சரிபார்க்க எனக்கு வழி இருந்ததில்லை.

நூறாண்டுக்கு முன்பு இதே வாக்கியத்தைக் கேட்ட பெண்களின் கதையைச் சொல்கிறேன். நேரம் கொஞ்சம் கூடினால் தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்காட்லாந்தில் கோவன் என்று ஓர் ஊர். 1912 வரை தனி நகரமாக இருந்து, பிறகு கிளாஸ்கோவோடு சேர்க்கப்பட்டது. கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 1914இல் முதல் உலகப்போர் மூண்டது. கப்பல் தளத்துக்கும் ஆயுதத் தொழிற்சாலைக்கும் வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள். ஆட்கள் வந்தார்கள், வீடுகள் வரவில்லை. வீட்டு உரிமையாளர்களின் முகவர்கள் வாடகையை உயர்த்தினார்கள். ஆண்கள் பலர் போர்முனையில். வீட்டில் பெண்களும் குழந்தைகளும்தான். பயந்து கொடுத்துவிடுவார்கள் என்று முகவர்கள் எண்ணினார்கள்.

மேரி பார்பர் என்ற குடும்பத் தலைவி அங்கே இருந்தார். பெரிய படிப்போ பதவியோ இல்லாதவர். சமையலறையில் கூட்டம் போட்டார், குடியிருப்புகளின் பின்முற்றத்தில் கூட்டம் போட்டார். உயர்த்திய வாடகையைத் தருவதில்லை என்று பெண்கள் முடிவெடுத்தார்கள். வீட்டைக் காலி செய்ய மாட்டோம் என்று ஜன்னல்தோறும் அட்டை தொங்கியது. குடியிருப்பு வாசலில் ஒரு பெண் மணியோடு காவல் இருப்பாள். காலி செய்ய வைக்கும் நீதிமன்ற அலுவலர் தெருமுனையில் தெரிந்தால் மணி அடிக்கும். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, துவைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியோடு, கை நிறைய மாவோடு, பெண்கள் ஓடி வந்து மாடிப்படியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். வந்தவர் தலை முதல் கால் வரை மாவு பூசித் திரும்பிப் போவார்!

இவர்களில் ஒரு பெண்ணிடம் முகவர், மற்றவர்கள் எல்லாரும் கூடுதல் வாடகையைக் கட்டிவிட்டார்கள், நீ மட்டும்தான் பாக்கி என்று சொல்லிப் பணத்தை வாங்கிவிட்டார். அப்போது அங்கே தொழிற்சங்கத்தில் இருந்த வில்லியம் கல்லாகர் பதிவு செய்திருக்கும் செய்தி இது. முகவர் சொன்னது பொய். ஒருவரும் கட்டவில்லை. மேரி பார்பர் என்ன செய்தார்? கப்பல் தளத்துத் தொழிலாளர்களைத் திரட்டிக்கொண்டு, ஏமாந்த பெண்ணையும் அழைத்துக்கொண்டு முகவரின் அலுவலகத்துக்கே போனார். பணத்தைத் திருப்பிக் கொடு என்றார். முகவர் ஜன்னல் வழியே பார்த்தார். தெரு முழுக்கக் கரி படிந்த முகங்கள். பணம் அந்த இடத்திலேயே திரும்பி வந்தது.

1915 நவம்பர் வாக்கில் சுமார் 20,000 குடும்பங்கள் இந்தப் போராட்டத்தில் இருந்தன. நவம்பர் 17ஆம் நாள் 18 பேரை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது ஆயிரக்கணக்கானோர் வாசலில் வந்து நின்றார்கள். வழக்கு கைவிடப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, சாதாரண மக்களின் வீட்டு வாடகையை 1914 ஆகஸ்ட் நிலையில் நிறுத்தியது. மேரி பார்பர் 1920இல் கிளாஸ்கோ நகர மன்றத்துக்கு உறுப்பினராகப் போனார். 2018 மகளிர் தினத்தன்று கோவனில் அவருக்குச் சிலை திறந்தார்கள்.

தாய்மார்களே, மாவு வீசிய இடத்தில் நீங்கள் கைதட்டினீர்கள். நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது முகவர் சொன்ன அந்தப் பொய்யை. பக்கத்து வீட்டில் எவ்வளவு வாடகை என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால் அவள் ஏமாந்திருக்க மாட்டாள். உண்மை தெரிய ஓர் ஊரே வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலம் போக வேண்டியிருந்தது. அதனால்தான் எங்கள் மன்றம் ஒரே ஒரு கோரிக்கையை வைத்து ஊர் ஊராகப் போகிறது. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு பொது வாடகைப் பதிவேடு வேண்டும். தெரு, வீட்டின் பரப்பு, அறைகள், கட்டிய ஆண்டு, உண்மையில் கைமாறும் வாடகை: இவ்வளவும் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். பெயர் வேண்டாம், கதவு எண் வேண்டாம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், இதுதான் நான் கேட்கும் படி.

நடக்காத காரியத்தைக் கேட்கவில்லை. ஜெர்மனியில் 'மீட்ஷ்பீகல்' என்று ஒன்று உண்டு. வாடகைக் கண்ணாடி என்று பொருள். ஊரில் நிலவும் வாடகையைக் காட்டும் பொதுப் பட்டியல் அது. 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி 50,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு நகரமும் இதை உருவாக்கியாக வேண்டும். நம்முடைய பேச்சில் வரும் நடுத்தர நகரம் இதற்குள் அடங்கிவிடுகிறது. நியூசிலாந்தில் முன்பணத்தை வீட்டுக்காரர் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அரசு அமைப்பில் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்தும்போது பதிவாகும் வாடகையைத் தொகுத்துப் பகுதிவாரியாக வெளியிடுகிறார்கள். இந்தியாவில் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்றும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை ஆணையத்துக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தெரிவித்ததைத் தெருவாரியாகத் தொகுத்துப் பொதுமக்கள் முன் வைப்பது அடுத்த படி.

வாடகையை அப்படியே உறையவைத்தால் போதாதா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். ஜெர்மனியில் நகரமாகவும் தனி மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் 2020 பிப்ரவரியில் அதைச் செய்து பார்த்தது. வாடகைக்கு வரும் வீட்டு விளம்பரங்கள் குறைந்தன. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாததாக்கியது. குடியிருந்தவர்களில் பலர் குறைத்துக் கட்டிய தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நான் வரம்பு விதிப்பதற்கு எதிரியல்ல. அளவு தெரியாமல் வரம்பு விதிக்காதீர்கள் என்கிறேன்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். உங்களில் பலர் ஒரே ஒரு வீட்டை வைத்து, அதன் வாடகையில் முதுமையை ஓட்டுகிறவர்கள். உங்களை நான் பகைவராகப் பார்க்கவில்லை. எவ்வளவு கேட்பது என்று உங்களுக்கும் தெரிவதில்லை. தரகர் சொன்னதைக் கேட்கிறீர்கள். அதிகம் கேட்டு ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் நட்டம் உங்களுக்குத்தான். பதிவேடு உங்களுக்கும் கண்.

இரண்டாவது செய்தியைச் சுருக்கிவிடுகிறேன். வருமானத்தில் 30 விழுக்காடு வரை வாடகை தாங்கும் என்று எங்கும் சொல்கிறார்கள். இது எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1969இல் பொதுக் குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு என்று வரம்பு வைத்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். நல்ல சம்பளக்காரர் 30 விழுக்காட்டைக் கொடுத்த பிறகும் நிம்மதியாக வாழ்வார். கூலிக்காரர் அதே 30ஐக் கொடுத்தால் மாதக் கடைசியில் மருந்து வாங்கக் காசு இருக்காது. வாடகை போக மிச்சம் என்ன என்று பார்க்க வேண்டும். ஊருக்கு வெளியே மலிவாக வீடு எடுத்தவரின் பஸ் செலவையும் அதில் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடவும் பதிவேடு வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!

மூன்றாவதாக, வியன்னா நகரம் தானே வீடு கட்டி, இன்று சுமார் 2,20,000 குடியிருப்புகளைச் சொந்தமாக வைத்து வாடகைக்கு விடும் வரலாற்றைச் சொல்ல எண்ணியிருந்தேன். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். அது தனிக் கூட்டத்துக்கு உரிய பொருள்.

மேயர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் மனுவை மேடையிலேயே உங்களிடம் தருகிறோம். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் ஒரு வார்டையாவது முன்னோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுக்க எங்கள் மன்றத்து இளைஞர்கள் ஊதியமின்றி வருவார்கள்.

வாசலில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். படிவத்தில் ஐந்து கேள்விகள்தான். உங்கள் பெயரை எழுத வேண்டாம். வீட்டுக்காரர்களுக்கு இடப்பக்க மேசை, குடியிருப்பவர்களுக்கு வலப்பக்கம். பேனா இல்லாதவர்களுக்கு அங்கேயே கிடைக்கும். போகும்போது நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.