ஆண்டைக்குக் கொடுத்த இழப்பீடு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, முன்னோரை அடிமைப்படுத்தியதற்காகக் கரீபிய மக்களுக்குப் பிரிட்டன் இழப்பீடு தரத்தான் வேண்டும் என்னும் அணியில் நின்று பேசுகிறேன். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கொடுமைக்கு இன்று வரி கட்டுகிறவர் எப்படிப் பொறுப்பாவார் என்று எதிரணி நண்பர் கேட்டார். அடிமைப்பட்ட உயிருக்கு யாரால் விலை போட முடியும் என்றும் கேட்டார். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த விலையை அன்றைக்கே போட்டுப் பணத்தையும் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

1833-இல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் இயற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்றம், அதே சட்டத்தில் 2 கோடி பவுன் இழப்பீடும் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் அது ஏறக்குறைய 40 விழுக்காடு. அடிமைப்பட்டவர் கைக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. உடைமையை இழக்கிறோம் என்று மனுப் போட்ட ஆண்டைகளுக்கே அத்தனையும் போயிற்று. அந்த இழப்பீட்டுப் படிவத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்: வயலில் உழைப்போர் ஒரு வரிசை, கைத்தொழில் தெரிந்தோர் ஒரு வரிசை, ஆறு வயது நிரம்பாத குழந்தைகள் ஒரு வரிசை, முதுமையாலோ நோயாலோ வேலைக்கு ஆகாதவர்கள் ஒரு வரிசை, ஒவ்வொன்றுக்கும் எதிரே தலைக்கணக்கும் தொகையும். பின்னாளில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன், 2,508 பேரைக் கணக்குக் காட்டி ஒரு லட்சத்து ஆறாயிரம் பவுனுக்கு மேல் பெற்றார். விடுதலையானவர்களோ, பெரும்பாலான தீவுகளில், 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் 1838 வரை அதே ஆண்டையிடம் வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியின்றி உழைக்க நேர்ந்தது. அந்த 1838-இலேயே அதே கிளாட்ஸ்டன் கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்கு, அதாவது இன்றைய கயானா நாட்டுக்கு, ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார். பிறகு சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று என்பதால், இந்தக் கதை நமக்கு அந்நியமானதும் அல்ல.

இனி வரி கட்டுகிறவர் பற்றிய கேள்வி. ஆண்டைகளுக்குக் கொடுக்க 1835-இல் அரசு 1.5 கோடி பவுன் கடன் வாங்கியது. அது அரசுக் கடன் பத்திரங்களோடு கலந்து, 2015-இல்தான் முழுதாகத் தீர்ந்தது. அப்படியானால், 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலிலும் அதன் பின்னரும் பிரிட்டனில் வந்திறங்கி, பேருந்து ஓட்டியும் மருத்துவமனைகளில் இரவு விழித்தும் வரி கட்டிய கரீபியர்கள், தங்கள் முன்னோரை விலங்கிட்டவர்களுக்கான கடனையும் அடைத்திருக்கிறார்கள்! அந்தத் தலைமுறையினர் வந்திறங்கிய பதிவு அட்டைகளை 2010-இல் அரசே அழித்தது. அவர்களில் பலரைச் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தியது 2018-இல் அம்பலமானது. இதைப் பழங்கதை என்று எப்படிச் சொல்வது?

தலைக்கு இவ்வளவு என்று ரொக்கம் பங்கிடும்படி அம்மக்கள் கேட்கவில்லை. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகாம் 2014-இல் ஏற்ற பத்து அம்சத் திட்டத்தில் கல்வியும் பொதுச் சுகாதாரமும் கடன் தள்ளுபடியும் இருக்கின்றன. முதல் அம்சம் முறையான மன்னிப்பு. 2023-இல் கிளாட்ஸ்டன் வழித்தோன்றல்கள் கயானாவுக்கே சென்று மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்டிஷ் அரசும் அந்த முதல் அம்சத்திலிருந்து தொடங்கட்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை, நடுவர் அவர்களே.